‘தனியே’ என்னும் ஒரு சொல்

கடற்பயண நூல்களைக் கையில் எடுக்கும்போது நாம் பெரும்பாலும் புயலையே தேடுகிறோம். மலைபோல் எழும் அலை, முறிந்து விழும் பாய்மரம், மயிரிழையில் தப்பும் உயிர் ஆகியவை எத்தனை பக்கங்களில் வருகின்றன என்பதைக் கொண்டே நூலின் சுவையை அளந்துவிடுகிறோம். ஆனால் சிறு பாய்மரப் படகில் பெருங்கடலைக் கடப்பவனுக்குப் புயல் நாள்கள் சிலவே. எஞ்சிய நாள்களில் அவனுக்கு வாய்ப்பவை நேற்றுப் பார்த்த அதே வானம், அதே நீர், அடுப்பில் வேகும் உருளைக்கிழங்கு, கிழிந்த பாயைத் தைக்கும் ஊசி, பேசுவதற்கு எவருமில்லாத மாலைப்பொழுது. அந்த நாள்களைப் பற்றி அவன் என்ன எழுதியிருக்கிறான் என்பதே கடல் நூலுக்குரிய உரைகல் என்று சொல்லத் தோன்றுகிறது.

இந்த உரைகல்லில் நூறாண்டுகளுக்கு மேலாக மாற்றுக் குறையாமல் நிற்கும் நூல் ஒன்று உண்டு. ஜோஷுவா ஸ்லோகம் என்னும் கப்பல் தலைவர் எழுதி 1900-ஆம் ஆண்டில் வெளிவந்தது அது. அதன் பெயரைத் ‘தனியே உலகைச் சுற்றிய பாய்மரப் பயணம்’ என்று தமிழில் சொல்லலாம். 1895 ஏப்ரல் 24-ஆம் நாள் அமெரிக்காவின் பாஸ்டன் துறையை விட்டுப் புறப்பட்ட ஸ்லோகம், மூன்று ஆண்டுகளும் இரண்டு மாதங்களும் கழிந்தபின் 1898 ஜூன் 27-ஆம் நாள் நியூபோர்ட்டில் நங்கூரமிட்டார். கடந்த தொலைவு 46,000 மைல். பாய்மரப் படகில் தன்னந்தனியாக உலகைச் சுற்றிவந்த முதல் மனிதர் அவரே. வீரச் செயல் என்ற அளவில் அப்பயணத்தைப் பலர் போற்றியுள்ளனர். இலக்கியம் என்ற அளவில் நூலைப் பார்க்கும்போது, அதன் தலைப்பிலுள்ள ‘தனியே’ என்னும் ஒரு சொல் நம்மை நின்று சிந்திக்க வைக்கிறது. அந்தச் சொல் எவ்வளவு தூரம் உண்மை? இக்கட்டுரை அதனை ஆராய முயல்கிறது.

ஸ்லோகம் 1844-இல் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் பிறந்தவர். இளமையிலேயே கடலுக்குச் சென்று, கடைநிலை மாலுமியாகத் தொடங்கிப் பெரிய பாய்மரக் கப்பல்களுக்குத் தலைவராக உயர்ந்தவர். ஆனால் அவர் உயர்ந்த காலமே பாய்மரக் கப்பல்களின் அந்திக்காலமாக இருந்தது. நீராவிக் கப்பல்கள் கடலை ஆளத் தொடங்கின. 1887-இல் அவருடைய சொந்தக் கப்பலான ‘அக்விட்னெக்’ பிரேசில் கரையில் தரைதட்டி அழிந்தது. வேலையும் கப்பலும் இழந்து ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்த அவருக்கு, 1892-இல் நண்பர் ஒருவர் ‘ஸ்ப்ரே’ என்னும் படகை இலவசமாகத் தந்தார். ஃபேர்ஹேவன் என்னும் ஊரில் ஒரு வயலின் நடுவே பல ஆண்டுகளாக முட்டுக்கொடுத்து நிறுத்தப்பட்டிருந்த பழங்கலம் அது. ஸ்லோகம் பக்கத்துக் காட்டில் ஓக் மரம் வெட்டி, பழைய விலா ஒவ்வொன்றையும் அகற்றிப் புதியதை வைத்து, 13 மாத உழைப்பில் அதை மீண்டும் கட்டினார். செலவு 553 டாலர் 62 சென்ட் என்று கணக்கெழுதியிருக்கிறார். அந்த 62 சென்ட்டை விடாமல் எழுதும் நேர்மைதான் நூல் முழுவதற்கும் உரிய நடை.

‘ஸ்ப்ரே’யின் நீளம் 36 அடி 9 அங்குலம்; அகலம் 14 அடி 2 அங்குலம். நம் ஊர்களில் ஓர் எளிய குடும்பம் வாழும் வீட்டைவிடச் சிறியது. இந்த இடத்திற்குள் ஒரு மனிதனின் சமையலறையும் படுக்கையும் நூலகமும் பட்டறையும் அடங்கவேண்டும். நீண்ட கடப்புகளில் தம் உணவு உருளைக்கிழங்கு, உப்பிட்ட மீன், தாமே வாரம் இரண்டு மூன்று முறை சுட்ட பிஸ்கட் என்று அவர் குறிப்பிடுகிறார். காப்பியும் தேநீரும் குறைவில்லை. வெப்பக் கடல்களில் இரவோடிரவாகத் தளத்தில் வந்து விழும் பறவைக்கோலா மீன்கள் காலை உணவாயின. ஹுவான் ஃபெர்னாண்டெஸ் தீவில் ஒருவன் தன் கிழங்கை அவருடைய கிழங்குக்கு மாற்றாகக் கொடுத்து ஏமாற்றிவிட்டதால், பசிபிக் கடலின் நடுவே கிழங்கில்லாமல் போன துயரத்தையும் அவர் மறைக்கவில்லை. புயலைப் பற்றி எழுதும் அதே பேனா, அதே அளவு கவனத்தோடு கிழங்கைப் பற்றியும் எழுதுகிறது.

இரவில் படகை யார் ஓட்டினார்கள் என்பது அனைவரும் கேட்கும் கேள்வி. ‘ஸ்ப்ரே’யின் நீண்ட அடிமரமும், சரியாக ஒத்து அமைந்த பாய்களும் சேர்ந்து, சுக்கானைக் கட்டிவிட்டால் படகு தானே திசை மாறாமல் செல்லும் தன்மையைக் கொடுத்திருந்தன. ஆஸ்திரேலியாவின் வடமுனையிலுள்ள தர்ஸ்டே தீவிலிருந்து இந்தியப் பெருங்கடலில் கீலிங் தீவு வரை 2,700 மைல், 23 நாள்கள். இத்தனை நாள்களிலும் தாம் சுக்கானைப் பிடித்த நேரம் மொத்தம் மூன்று மணிக்கு மேற்படாது என்கிறார். இதனால் அவருக்குக் கிடைத்தது ஓய்வு. அந்த ஓய்வோடு சேர்ந்தே வந்தது தனிமை.

தனிமையைப் பற்றி ஸ்லோகம் எழுதியுள்ள பகுதிகள் நூலின் உயிர்நிலை. பயணத்தின் தொடக்கத்தில், அட்லாண்டிக் கடலின் மூடுபனிக்குள் படகு நுழைந்தபோது, தம் நினைவாற்றல் அஞ்சத்தக்க வேகத்தில் இயங்கியதாகச் சொல்கிறார். பெரியதும் சிறியதுமாய், நெடுநாள் மறந்துபோன வாழ்க்கைப் பக்கங்களெல்லாம் வரிசையாக எழுந்து வந்தன. இறந்தகாலத்தின் குரல்கள் சிரிப்பும் அழுகையுமாய்க் காதில் விழுந்தன. அதன்பின் அவர் செய்யும் ஒரு கூற்று, மனித உள்ளத்தை அறிந்தவர் மட்டுமே எழுதக்கூடியது. காற்று கடுமையாக வீசி, கைக்கு வேலை நிறைந்திருந்த வேளையில் தனிமை உணர்வு அகன்றுவிட்டது. வானம் தெளிந்து கடல் அமைதியுற்றதும் அது திரும்பி வந்து, உதற முடியாதபடி ஒட்டிக்கொண்டது என்கிறார்.

இதனை நாம் சற்று எண்ணிப் பார்க்கவேண்டும். துன்பத்தில் மனிதன் தனித்துவிடப்படுகிறான் என்பதே நம் பொதுவான எண்ணம். ஸ்லோகமின் அனுபவம் வேறு. நோயாளியைக் கண்விழித்துப் பார்த்துக்கொண்ட தாய், நோய் தீர்ந்த மறுவாரத்தில் வெறுமையை உணர்வதும், ஓய்வுபெற்ற ஆசிரியர் முதல் திங்கட்கிழமைக் காலையில் செய்வதறியாது நிற்பதும் இந்த வகையைச் சேர்ந்தவையே. புயலுக்குத் தாங்கும் உள்ளம் தெளிந்த வானத்துக்குத் தாங்குமா என்பதே நெடுங்கடப்பு எழுப்பும் வினா.

ஸ்லோகம் அதற்கு எளிய மருந்துகளைக் கையாண்டார். குரல் கெட்டுப்போகாதிருக்கும் பொருட்டு, இல்லாத மாலுமிகளுக்கு உரத்த குரலில் கட்டளையிட்டார். சுக்கானில் இல்லாத மனிதனிடம் படகு எத்திசையில் செல்கிறது என்று வினவினார். மறுமொழி வராதது தம் நிலையை இன்னும் கூர்மையாக உணர்த்தவே, பாடத் தொடங்கினார். ஆமைகள் தலை நீட்டிக் கேட்டன என்றும், கடற்பன்றிகள் துள்ளின என்றும் நகைச்சுவையோடு எழுதுகிறார். பிறகு நூல்களை நண்பராக்கிக்கொண்டார். மனிதன் தனிமையாய் இருப்பது நல்லதன்று எனத் தாம் கண்டுகொண்டதாக ஓரிடத்தில் அவர் கூறும்போது, தொடக்கநூலின் இரண்டாம் அதிகாரம் நம் வாசகர்களுக்கு உடனே நினைவில் எழும். சமய நூலாசிரியர் எவரும் அந்த அதிகாரத்துக்கு இவ்வளவு சுருக்கமான விரிவுரை எழுதியிருப்பாரா என்பது ஐயமே. விரிவுரைகள் பொதுவாக மேசையில் எழுதப்படுகின்றன. இது கரையிலிருந்து ஆயிரம் மைலுக்கு அப்பால் உணரப்பட்டது.

நூலில் மிகவும் புகழ்பெற்ற நிகழ்ச்சியையும் இந்த ஒளியிலேயே பார்க்கவேண்டும். அசோர்ஸ் தீவில் அன்பளிப்பாகக் கிடைத்த பிளம் பழங்களையும் பாலாடைக்கட்டியையும் சேர்த்துத் தின்ற ஸ்லோகம், கடும் வயிற்றுவலியால் அறையின் தரையில் நினைவிழந்து கிடந்தார். கண் விழித்தபோது சுக்கானருகே பழங்கால உடையில் நெடிய மனிதர் ஒருவர் நின்றார். தாம் கொலம்பஸின் ‘பிண்டா’ கப்பலின் வழிகாட்டி என்றும், அன்றிரவு படகைத் தாமே செலுத்துவதாகவும் அவர் சொன்னாராம். மறுநாள் பார்த்தால், படகு திசை தவறாமல் பெருந்தொலைவு கடந்திருந்தது. ஸ்லோகம் இதை அற்புதமென்று பறைசாற்றவும் இல்லை. காய்ச்சல் மயக்கமென்று ஒதுக்கவும் இல்லை. பழங்களை எடுத்துக் கடலில் எறிந்ததைப் பதிவுசெய்துவிட்டு, வந்தவருக்கு நன்றியுடையவராகவே மேலே செல்கிறார். ஒருவன் முற்றிலும் தனியனாகி, தன் கையால் எதுவும் செய்ய இயலாதபோது, அவன் உள்ளம் படைத்துக்கொள்வது செல்வத்தையோ விருந்தையோ அன்று. தன்னைக் காத்து நிற்கும் இன்னொரு மனிதரை. இதுவே அந்த நிகழ்ச்சியின் பொருள் என எனக்குப் படுகிறது.

கரையேறும் இடங்களில் இந்த உண்மை வேறு வடிவில் வெளிப்படுகிறது. ஹுவான் ஃபெர்னாண்டெஸ் தீவை விட்டு 43-ஆம் நாளில் மார்க்கேசஸ் தீவுக்கூட்டத்தின் நூக்கு ஹீவாவைக் கண்ணுற்றும் நிற்காமல் சென்று, 72-ஆம் நாளில் சமோவா அடைந்தார். அங்கே சிறு தோணியில் எதிர்கொண்ட பெண்கள், இவர் ஒருவரே வந்தார் என்பதை நம்ப மறுத்தனர். உடன் வந்த மற்றவர்களை இவர் தின்றுவிட்டார் என்பது அவர்கள் முடிவு! இந்தக் கேலியை ஸ்லோகம் மகிழ்ச்சியோடு எழுதியிருக்கிறார். தனி மனிதன் என்பவன் இயற்கைக்கு மாறானவன், அவன் கணக்குச் சொல்லியாகவேண்டும் என்ற பழங்குடி அறிவு அந்தக் கேலியில் இருக்கிறது.

உண்மையில், நூலை ஒரு பேரேடுபோல் வாசித்தால் ‘ஸ்ப்ரே’ பிறர் கொடையால் மிதந்தது என்பது தெரியும். படகே ஒரு நண்பரின் கொடை. நடுக்கடலில் எதிர்ப்பட்ட ஸ்பானியக் கப்பலின் தலைவர் கயிற்றில் கட்டி ஒரு புட்டி திராட்சை இரசம் அனுப்பினார். மகெல்லன் நீரிணையின் பூந்தா அரேனாஸ் ஊரில் சாம்ப்ளிக் என்னும் ஆஸ்திரியர் கம்பளம் பதிக்கும் சிறு ஆணிகளைப் பை நிறையக் கொடுத்தார். சமோவாவில் ஆர். எல். ஸ்டீவன்சனின் துணைவியார், மறைந்த தம் கணவரின் கடல்வழி நூல்களை அளித்தார். ஸ்லோகமும் வெறுங்கையராய் இருந்தாரல்லர். ஹுவான் ஃபெர்னாண்டெஸ் தீவு மக்களுக்கு மாவை உருட்டிக் கொழுப்பில் பொரிக்கும் பணியாரம் செய்யக் கற்றுக்கொடுத்தார். தனியே கடந்த கடலுக்கு இருபுறமும் மனிதர்கள் கைநீட்டி நின்றார்கள்.

கத்தோலிக்க வாசகர்கள் சிறப்பாகப் படிக்கவேண்டிய பகுதி இந்தியப் பெருங்கடலின் ரோட்ரிகஸ் தீவில் நிகழ்ந்தது. அத்தீவின் குருவானவர் எதிர்க்கிறிஸ்துவின் வருகையைப் பற்றி மக்களுக்குப் போதித்திருந்த வேளை. அப்போது வெண்பாய் விரித்து ஒற்றை மனிதனோடு ‘ஸ்ப்ரே’ வந்து சேரவே, வந்தவன் அவனே என்று ஊரே அஞ்சியது. முதியவள் ஒருத்தி வீட்டைத் தாழிட்டுக்கொண்டு, அவர் தங்கியிருந்த எட்டு நாளும் வெளியே வரவில்லை. மலைமேல் இருந்த குருவானவரை ஸ்லோகம் சந்தித்தபோதோ, இவர் எந்தச் சமயத்தினராயினும் பயணம் நன்கு நிறைவேறுக என்றும், மீட்பராகிய கிறிஸ்து உடனிருப்பாராக என்றும் தழுவி வாழ்த்தினார் அந்த நல்ல குரு. சமயத்தார் யாவரும் இத்தகைய பெருமனம் கொண்டிருந்தால் உலகில் இவ்வளவு இரத்தம் சிந்தியிராது என்பது ஸ்லோகமின் மறுமொழி. அச்சத்துக்கு வித்திட்ட போதனையும் அச்சத்தை வென்ற தழுவலும் ஒரே குருவிடமிருந்து வந்தவை. இதை ஆசிரியர் விளக்கவில்லை. நம் சிந்தனைக்கு விட்டுவிடுகிறார்.

இத்தனை சிறப்புகளோடு, இந்நூலின் குறைகளையும் சொல்வது திறனாய்வின் கடமை. முதலாவது, மகெல்லன் நீரிணைப் பகுதி. அங்கு வாழ்ந்த பழங்குடியினரை ஸ்லோகம் கொள்ளையராகவே காண்கிறார். இரவில் தளத்தில் பரப்பிய ஆணிகளை மிதித்து அவர்கள் அலறிக் கடலில் குதித்த காட்சியைச் சிரித்துக்கொண்டே எழுதுகிறார். உயிருக்கு அஞ்சியிருந்த மனிதரை நாம் கடிந்துகொள்ள வேண்டியதில்லை. ஆனால் அதே ஆண்டுகளில் அந்நிலத்தின் பூர்வகுடியினர், ஆட்டுப்பண்ணை அமைக்க வந்தவர்களால் வேட்டையாடப்பட்டும், புதிய நோய்களுக்கு இரையாகியும் அழிந்துகொண்டிருந்தனர். தனிமையின் கொடுமையை இவ்வளவு நுட்பமாக உணர்ந்த பேனா, ஓர் இனமே தனித்துவிடப்பட்டு மறைவதைக் காணவில்லை.

இரண்டாவது, ஒரு மௌனம். ஸ்லோகமின் முதல் மனைவி வெர்ஜினியா, 1871-இல் சிட்னியில் மணமானது முதல் அவரோடு கடலிலேயே வாழ்ந்தவர். கப்பல்களில் பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவர். 1884-இல் புவனஸ் அயர்ஸ் துறையில் நின்ற ‘அக்விட்னெக்’ கப்பலில் உயிர்நீத்து அந்நகரிலேயே அடக்கம் செய்யப்பட்டார். பதினொரு ஆண்டுகள் கழித்து ‘ஸ்ப்ரே’ அதே நகரை அடைகிறது. பழைய நண்பர்களைச் சந்தித்ததும் நகரம் மாறியிருந்ததும் நூலில் வருகின்றன. வெர்ஜினியாவின் கல்லறை வரவில்லை. மூடுபனியில் அழுத குரல்களுள் அவர் குரலும் இருந்திருக்கலாம். 62 சென்ட்டையும் கணக்கில் எழுதியவர், தம் பேரிழப்பை எழுதவில்லை.

இந்த மௌனத்தைக் குறை என்பதா, நிறை என்பதா? வாசகரிடம் துயரத்தைக் காட்டி இரக்கம் தேடாத கண்ணியம் என்று அதைப் போற்றுவோர் உண்டு. அதில் உண்மை இருக்கிறது. ஆயினும் நூலின் இடையறாத நகைச்சுவை, சில இடங்களில் ஒரு கதவை மூடி வைத்திருக்கும் தாழ்ப்பாளாகவே எனக்குத் தோன்றுகிறது. எழுதிய மனிதரின் வாழ்வும் நூலைப்போல் தெளிந்த நீராக இருக்கவில்லை. 1887-இல் கப்பலில் மூண்ட கலகத்தில் அவர் சுட்டதில் ஒருவர் இறந்தார். தற்காப்பு எனக் கருதி நீதிமன்றம் விடுவித்தது. 1906-இல் ஒரு சிறுமியிடம் முறைகேடாக நடந்ததாகக் கைதாகி 42 நாள் சிறையிலிருந்தார். குற்றச்சாட்டை அவர் எதிர்த்து வழக்காடவில்லை. எனவே இந்நூலைப் புனிதர் வரலாறாக எவரும் வாசிக்கலாகாது. தனித்திருக்கும்போது இவ்வளவு நேர்மையாக இருக்க முடிந்த ஒருவரால், மனிதரிடையே அவ்வாறே வாழ முடியவில்லை என்பதையும் சேர்த்தே வாசிக்கவேண்டும். நெடுங்கடப்பு மனிதனைச் சோதிக்கிறது; அவனைத் திருத்திவிடுகிறது என்று அது உறுதி கூறுவதில்லை.

இருப்பினும் அந்த நேர்மை பொய்யன்று. துல்லியக் கடிகாரத்தைச் செப்பனிட 15 டாலர் வேண்டியிருந்ததால் அதைக் கரையிலேயே விட்டுவிட்டு, முகப்பு உடைந்திருந்த ஒரு தகரக் கடிகாரத்தை ஒரு டாலருக்கு வாங்கிச் சென்றவர் அவர். நாளடைவில் அதன் நிமிட முள்ளும் போயிற்று. அதை வெந்நீரில் கொதிக்கவைத்தபின் மணியை மட்டும் காட்டியதாம்! பசிபிக் கடலின் 43-ஆம் நாளில், நிலவின் தொலைவை அளந்து தம் இருப்பிடத்தைக் கணித்தார். விடை, தாம் மனக்கணக்காய் வைத்திருந்த இடத்திலிருந்து வெகுதொலைவு விலகி நின்றது. அவர் மீண்டும் கணக்கிட்டு, அச்சிட்ட அட்டவணையிலேயே பிழை இருந்ததைக் கண்டார். இந்த இடத்தில் அவர் எழுத்தில் மிளிரும் மகிழ்ச்சி, வெற்றிச் செருக்கு அன்று. விண்மீன்களும் நிலவும் ஒழுங்கு தவறாமல் இயங்குகின்றன, அந்த ஒழுங்கில் தமக்கும் ஓர் இடம் உண்டு என்று கண்டவனின் மகிழ்ச்சி.

இன்று செயற்கைக்கோள் சில நொடியில் படகின் இருப்பிடத்தைச் சொல்கிறது. நடுக்கடலிலிருந்து வீட்டாரோடு பேசவும் இயல்கிறது. ஸ்லோகமின் தனிமை இனி எவருக்கும் அதே அளவில் வாய்க்கப்போவதில்லை. ஆனால் தெளிந்த வானத்தின் கீழ் தன்னோடு தானே இருக்கவேண்டிய வேளை அனைவருக்கும் உண்டு. அத்தகைய வேளையில் ஒருவன் கைவேலையை மதிப்பதும், பெற்றதைப் பெற்றதாகச் சொல்வதும், இல்லாத தோழனோடாவது பேசிப் பழகுவதும் எவ்வளவு பெரிய செயல்கள் என்பதை இந்நூல் காட்டுகிறது.

தம்மிடம் ‘ஸ்ப்ரே’ திரும்பி வரும் என்று சொன்ன ஒருவருக்கு நூலை உரிமையாக்கியிருக்கிறார் ஸ்லோகம். அவர் யார் என்று பெயர் குறிக்கவில்லை. அறுபது வயதைக் கடந்தபின் அதே படகில் தனியே தெற்கு நோக்கிப் புறப்பட்டவர், பிறகு காணப்படவேயில்லை. 1924-இல் நீதிமன்றம் அவர் இறந்தவர் எனத் தீர்ப்பளித்தது. அட்டையில் ‘தனியே’ என்று எழுதியவர், அடுத்த தாளிலேயே தம் வருகையை எதிர்பார்த்திருந்த ஒருவரை நினைவுகூர்ந்து தொடங்குகிறார். நூலை வாசிப்போர் இவ்விரு தாள்களையும் சேர்த்து வாசிப்பார்களாக.